கழிவுக் கல்லா? அளந்து சொல்லுங்கள்!



சேலத்துப் பக்கம் வெள்ளைக்கல்லுக்கு விலை உண்டு. அதைச் சுற்றியிருக்கும் பச்சையும் பழுப்புமான கல்லுக்கு அந்த மரியாதை கிடையாது. வெள்ளைக்கல்லின் பெயர் மேக்னசைட். அதன் பேரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது! மற்றதன் பெயர் டியூனைட். ஆனால் வெள்ளைக்கல்லைப் பெற்ற தாய் இந்த டியூனைட்தான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டியூனைட்டில் நிறைந்திருப்பது ஆலிவின் என்னும் மெக்னீசியக் கனிமம். கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் பாறை வெடிப்புகளில் புகுந்தபோது, மெக்னீசியம் அதோடு சேர்ந்து மேக்னசைட் ஆனது. சாக் ஹில்ஸ் குன்றுகளில் ஓடும் வெள்ளை நரம்புகள் இப்படி வந்தவையே. சுத்தமான மேக்னசைட் 100 கிலோவில் 52 கிலோ கார்பன் டை ஆக்சைடு! உலைச் செங்கலுக்காக அதைச் சூளையில் சுடும்போது, அத்தனையும் மறுபடி காற்றுக்கே போகிறது.

எங்கப்பா இந்தக் கல்லை லாரியில் ஏற்றியவர். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். உலோகவியல் டிப்ளமோ என்றதும் அவர் கேட்டார்: "அந்த மேட்டுல கிடக்கிற கல்லு எதுக்காச்சும் ஆகுமாடா?"

"அது கார்பனை உறிஞ்சும்" என்று சொல்லிவிடுவது சுலபம். மேட்டில் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சைக் காட்டினால் போதுமே! ஆனால் அது பழைய மேக்னசைட் தூளா, இன்றைய காற்றிலிருந்து புதிதாக விளைந்ததா? கண்ணுக்கு இரண்டும் வெள்ளைதான். இங்கேதான் ஐசோடோப்பு வேண்டும்.

ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களே ஐசோடோப்புகள். கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லில் அளக்கும் அளவுக்கு அது மிஞ்சாது. ஆகவே பூச்சில் கார்பன்-14 நிறைய இருந்தால் அது புதுசு. அது காற்றிலிருந்து வந்ததா, மண்ணில் மக்கிய இலையிலிருந்து வந்ததா என்று பிரிக்கக் கார்பன்-13 உதவும். உலோகமும் சாட்சி சொல்லும்: கார்பனேட் படியும்போது இலேசான மெக்னீசியம்-24 சற்றுக் கூடுதலாக அதில் சேர்கிறது; கனமான மெக்னீசியம்-26 நீரில் மிஞ்சுகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கனடாவின் கிளின்டன் கிரீக், கேசியார் ஆகிய பழைய ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களின் கழிவு மேடுகளில் இந்தச் சோதனை நடந்து, 2009-ல் முடிவு வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் மவுன்ட் கீத் நிக்கல் சுரங்கக் கழிவு ஆண்டுக்குச் சுமார் 40,000 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பதாக 2014-ல் கணக்கிட்டார்கள். அது அந்தச் சுரங்கம் வெளியிடுவதில் சுமார் 11 சதவீதம்தான். நல்ல செய்திதான், ஆனால் மந்திரம் இல்லை!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கல்லைப் பொடியாக்கினால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் அந்தத் தூசியைச் சுவாசிக்கப் போவது யார்? எங்கப்பா மாதிரி ஆட்கள்தானே! காற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று தொழிலாளியின் நுரையீரலைக் கெடுப்பது என்ன நியாயம்?

எனவே என் கருத்து இதுதான். கழிவு என்று ஒதுக்குவதும் தப்பு, அளக்காமல் புகழ்வதும் தப்பு. நம் லேபில் ஐசோடோப்புக் கருவி இல்லாமல் இருக்கலாம். ஆனால் இடம், ஆழம், தேதி குறித்து ஒழுங்காக மாதிரி எடுக்க நமக்குத் தெரியும். கார்பன்-14 அளக்கும் வசதி தில்லியின் இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில் உண்டு. நம் புராஜெக்ட் வேலை ஒன்று இந்த மேட்டிலிருந்து தொடங்கட்டுமே!

கல்லைச் சுமந்தவர்களின் பிள்ளைகள் நாம். அந்தக் கல்லின் கணக்கையும் நாமே எழுதுவோம்!