தடையும் தேக்கியும்

'மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும்.' பள்ளிப் பாடம் ஒன்றைத் தமிழாக்கியபோது இப்படி எழுதியிருந்தேன். மூணாறுப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பெண் ஒருத்தி அதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "கரண்ட் கட் குறைஞ்சா கரண்ட் வரத்தானே சார் செய்யும்? இதுல என்ன பாடம் இருக்கு?"

குறும்பாகக் கேட்கவில்லை. நாளிதழில் 'நாளை மின்தடை' என்று வந்தால் மின்சாரம் இருக்காது. இயற்பியல் புத்தகத்திலோ மின்தடை என்பது மின்சாரம் ஓடும்போது கம்பி காட்டும் எதிர்ப்பு. 12 வோல்ட் பேட்டரியில் 6 ஓம் தடையை இணைத்தால் 2 ஆம்பியர் ஓடும். தடை 3 ஓம் ஆனால் 4 ஆம்பியர். கம்பி நீண்டால் தடை கூடும், தடித்தால் குறையும். பக்கத்து வீட்டில் மலையாளவழியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் இல்லை. அவன் படிப்பது 'பிரதிரோதம்'.

மின்தேக்கி என்ற சொல்லிலும் ஒரு வம்பு உண்டு. இடுக்கி மாவட்டத்துப் பிள்ளைகள் தேக்கம் என்றால் அணையைத்தான் நினைப்பார்கள். 1940இல் பள்ளிவாசலில் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1976இல் தொடங்கிய மூலமற்றம் நிலையத்தின் திறன் இன்று 780 மெகாவாட். ஆசிரியரும் 'அணை தண்ணீரைத் தேக்குவதுபோல' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் மின்தேக்கியின் ஒரு தகட்டில் எவ்வளவு மின்னூட்டம் ஏறுகிறதோ, அதே அளவு மறு தகட்டிலிருந்து வெளியேறுகிறது. கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். தேங்குவது தகடுகளுக்கு இடையிலுள்ள மின்புலத்தின் ஆற்றல். இலங்கைத் தமிழர் இதைக் 'கொள்ளளவி' என்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் அணைக்கும் கொள்ளளவு உண்டே!

பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியில் எந்த விவசாயிக்கும் இந்தச் சொற்கள் தேவைப்படுவதில்லை. அவருக்கு அது 'கண்டென்சர்'. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைவு. போர்வெல் மோட்டாரை நம்பித்தான் வெள்ளாமை. மோட்டாரின் சுருள் காந்தப்புலத்தை உண்டாக்க ஆற்றலை வாங்கி, உடனே திருப்பித் தருகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த வாங்கலும் கொடுத்தலும் நொடிக்கு 100 முறை. இதனால் ஒரு சொட்டுத் தண்ணீரும் மேலே வராது. ஆனாலும் அதற்கான மின்னோட்டம் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கம்பி முழுவதையும் சூடாக்குகிறது. மோட்டாரின் பக்கத்திலேயே கண்டென்சரை வைத்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் அந்த இரண்டுக்குள்ளேயே முடிந்துவிடும். திறன் காரணி 0.70இலிருந்து 0.95 ஆனால், 14 ஆம்பியர் ஓடிய கம்பியில் ஏறத்தாழ 10.3 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்த இழப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். கடைக்கோடி வீட்டின் வோல்டேஜும் கொஞ்சம் தேறும். மின்வாரியங்கள் பம்ப்செட்டுக்குக் கண்டென்சர் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். செத்துப்போன கண்டென்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மோட்டார் ஓடத்தான் செய்யும். நஷ்டம் கம்பிக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும்.

சொல் குழப்பம் உயிருக்கே வினையாவதும் இங்கேதான். 'கரண்ட் இல்லை' என்று ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து கைவைத்தால் கண்டென்சர் அடிக்கலாம். மின்சாரம் நின்ற பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை வடிக்கவென்றே அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு தடையைப் பொருத்துகிறார்கள். 10 மைக்ரோஃபாரட் தேக்கிக்கு 10 லட்சம் ஓம் தடை என்றால், 10 நொடியில் வோல்டேஜ் ஏறத்தாழ 37 சதவீதமாக இறங்கும். 50 நொடியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அந்தத் தடை கருகிப்போயிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

பாடத்தைத் திருத்தும்போது 'மின்தடை' வந்த இடங்களிலெல்லாம் 'கம்பியின் தடை' என்று மாற்றினேன். 'மின்தேக்கி'யை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் 'கண்டென்சர்' என்று சேர்த்தேன். கூடவே, கரண்ட் போனாலும் அதைத் தொடாதே என்று ஒரு வரி. மூலத்தில் அந்த வரி கிடையாது.