பெட்டி எங்கட வீட்டில, சாவி ஆரிட்ட?

யாழ்ப்பாணத்தில இண்டைக்கு ரவுட்டர் இல்லாத வீடு குறைவு. சாமிப்படத்துக்குப் பக்கத்திலயோ ரீவிக்கு மேலயோ இருந்து மின்னிக்கொண்டிருக்கும். அதன்ர அட்மின் பாஸ்வேர்ட் என்ன எண்டு கேட்டுப் பாருங்கோ. "அது பூட்ட வந்த தம்பிக்குத்தான் தெரியும்" எண்டுதான் பெரும்பாலும் பதில் வரும். மாதாமாதம் காசு கட்டுறது நாங்கள், உள்ளே எது வரலாம், எது வரக்கூடாது எண்டு தீர்மானிக்கிறது வேற ஆரோ. இது எங்களுக்கு ஒரு பிரச்சினையாகவே தெரியேல்ல என்பதுதான் என் கோபம்.

ஃபில்டர் என்பது பெரிய மந்திரமில்லை. அது ஒரு விதிப்பட்டியல். வருகிற ஒவ்வொரு தரவுப் பொதியும் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட் இலக்கத்துக்குப் போகிறது என்று பெட்டி பார்க்கும். பட்டியலை மேலிருந்து கீழாக ஒப்பிட்டு, முதலில் பொருந்துகிற விதிப்படி விடும் அல்லது வெட்டும். ஏ.எல். ஐசிடிக்கு ஓஎஸ்ஐ ஏழு அடுக்கையும் பாடமாக்கி எழுதுற பிள்ளை, வீட்டு ரவுட்டரின் 192.168.1.1 பக்கத்தை ஒருநாளும் திறந்து பார்த்திராது. ரியூசனில அது கேள்வியாக வராதே!

இதே பட்டியலை நாட்டளவில் போட்டால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் கண்டிருக்கிறம். 2007 ஜூனில் தமிழ்நெற் தளத்தை இணைய நிறுவனங்கள் அரசின் உத்தரவில் மறித்தன. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் மறிக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு திரும்பவும். 2022 ஏப்ரல் 3 அன்று, ஆர்ப்பாட்டத்துக்கு ஆக்கள் சேரக்கூடாது என்று இன்னொரு தரம். அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே விபிஎன் பாவித்துக்கொண்டு, இந்தத் தடையால் பயனில்லை என்று ட்விட்டரில் எழுதினார். வழி தெரிந்தவனுக்குத் தடை இல்லை, தெரியாத அப்பம்மாவுக்குத்தான் கனடாவிலிருந்து வாற வட்ஸ்அப் கோல் நிண்டுபோச்சு.

அரசை மட்டும் திட்டித் தப்ப ஏலாது. எங்கட வீடுகளிலயும் ஃபில்டர் இருக்கு. அக்காவின்ர போனுக்கு இரவு பத்து மணிக்கு வெட்டு, தம்பி விடிய விடிய பப்ஜி விளையாடலாம். மாக் முகவரியைக் குறித்துப் போடுற இந்தக் காவல் தொழில்நுட்பமாகவும் ஓட்டைதான். அண்ட்ரொயிட் 10க்குப் பிறகு வந்த போன்கள் வைஃபைக்கு எழுமானமாக ஒரு முகவரியை உருவாக்கிக் காட்டும். அமைப்பை மாற்றினால் உண்மை முகவரியும் போலி முகவரியும் இடம் மாறும், அப்பாவின் பட்டியல் சும்மா கிடக்கும்.

சீரியல் போர்ட் பற்றி ஆரும் கதைக்கிறேல்ல. பல ரவுட்டர்களின் பலகையில் மூன்று நாலு ஊசிகள் அல்லது ஈயப்புள்ளிகள் இருக்கும். பிழையான விதி ஒண்டைப் போட்டு நீங்களே வெளியில பூட்டுப்பட்டால், அதுதான் பின்கதவு. ஃபில்டர் வெட்டுறது வலையமைப்பு வழியாகப் போறதை மட்டும்தான், சீரியல் வயர் அந்த வழியால போறேல்ல. லிங்சிஸ் நிறுவனம் தன் டபிள்யூஆர்ரி54ஜி ரவுட்டரின் மூலநிரலை 2003இல் வெளியிடவேண்டி வந்தது. அதிலிருந்து 2004இல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்ரி. அதை ஏற்றுகிற பலர் ஏதாவது பிழைத்தால் இந்த ஊசிகளைத்தான் நம்புகிறார்கள்.

"வாறண்டி போயிடும், கொம்பனியின்ர சாமான்" என்பீர்கள். சரி, வாடகைப் பெட்டியைத் திறக்கவேண்டாம். ஆனால் தொண்ணூறுகளில் பற்றரிக்குத் தடை இருந்த இதே ஊரில், சைக்கிளைக் கவிட்டுப் போட்டு டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட சனத்தின்ர பிள்ளைகள் நாங்கள். அவையளுக்கு வாறண்டி காட் ஆர் குடுத்தது? ஒரு ஸ்க்ரூவைக் கழட்டவும் ஆளைக் கூப்பிடுகிற பழக்கம் எங்களுக்கு எப்ப வந்தது?

அடுத்த முறை ஆரும் பெட்டி பூட்ட வந்தால், அட்மின் பாஸ்வேர்டை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ. தரமாட்டன் எண்டால் ஏன் எண்டு கேளுங்கோ. அலுமாரிக்கு மேல பழைய ரவுட்டர் ஒண்டு கிடந்தால் அதில பழகலாம். யூஎஸ்பி சீரியல் அடப்டர் ஒண்டும் மூன்று வயரும் போதும். கிரவுண்டுக்குக் கிரவுண்ட், ரிஎக்ஸ் ஆர்எக்ஸுக்கு, ஆர்எக்ஸ் ரிஎக்ஸுக்கு. வேகம் பெரும்பாலும் 115200. அடப்டரை 3.3 வோல்ற்றில் வையுங்கோ, 5 வோல்ற் குடுத்தால் சிப் எரியலாம்.