மலையேறிவிட்டதா வானொலி?

“ரேடியோ காலம் மலையேறிவிட்டது” என்று பலர் பேசுகிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது. வீட்டில் டெலிவிஷன் இருக்கிறது. இனி வானொலி எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நெல்லைச் சீமை 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ஒரு பதில் சொன்னது.

டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பேய்மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அந்த வட்டாரத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையைவிட இது அதிகம். மேற்கே மாஞ்சோலை மலையிலும் அரை மீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரைபுரண்டது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. பல ஊர்களில் மின்சாரம் போயிற்று. அதைத் தொடர்ந்து செல்போன் கோபுரங்களும் ஓய்ந்தன.

எந்த அணையில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள்? எந்தப் பாலம் மூழ்கியது? எங்கே போனால் சோறு கிடைக்கும்? இவற்றைத் தெரிந்துகொள்ளக் கையிலிருந்த செல்போன் உதவவில்லை. அப்படிப்பட்ட இருட்டில் வேலை செய்யக்கூடிய கருவி ஒன்று உண்டு. இரண்டு பேட்டரி போட்டால் பாடுகிற பழைய ரேடியோப் பெட்டிதான் அது.

ஆனால் பெட்டி மட்டும் இருந்தால் போதுமா? அதில் பேசுவதற்கு ஒரு நிலையம் வேண்டும். அந்த நிலையத்தின் அலை ஊர் வந்து சேர வேண்டும். பிரச்சினை இங்கேதான் இருக்கிறது.

சென்னையில் பிறந்த குரல்

இந்தியாவில் வானொலியை முதலில் வளர்த்த ஊர்களில் சென்னை முக்கியமானது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவரின் முயற்சியால் 1924-ஆம் வருஷம் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. அதே வருஷம் ஜூலை 31-ஆம் தேதி அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி நிலையம் திறந்தது 1927-இல்தான். சென்னை அதற்கு 3 வருஷம் முந்திக்கொண்டது!

ஆர்வம் இருந்தது, பணம் இல்லை. 1927 அக்டோபரில் கிளப் தன் ஒலிபரப்பை நிறுத்தியது. கருவியை என்ன செய்வது? சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். மாநகராட்சி அதை மூலையில் போட்டுவிடவில்லை. 1930 ஏப்ரல் 1-ஆம் தேதி தானே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது.

தினமும் மாலையில் சங்கீதம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும். அப்போது ரேடியோப் பெட்டி வாங்க வசதி பெற்றவர்கள் சிலரே. ஆகவே மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். கடற்கரைக்குக் காற்று வாங்க வந்த ரிக்‌ஷாக்காரரும் காசில்லாமல் கச்சேரி கேட்டார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. தெரு விளக்குப் போடுவதும், குழாயில் தண்ணீர் விடுவதும், குப்பை அள்ளுவதும் எப்படித் தன் கடமையோ, அப்படியே வானொலி நடத்துவதும் தன் கடமை என்று மாநகராட்சி நினைத்தது. லாபம் வருமா என்று கேட்டிருந்தால் தெரு விளக்கே எரிந்திருக்காது அல்லவா?

1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் உதயமாயிற்று. மாநகராட்சியின் பணியை அது ஏற்றுக்கொண்டது. மறு வருஷம் மே 16-ஆம் தேதி திருச்சி நிலையம் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியாவில் இருந்த அகில இந்திய வானொலி நிலையங்கள் மொத்தம் 6. டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. ஆறில் இரண்டு தமிழ் பேசின!

சுதந்திரம் வந்த செய்தியை டெல்லியிலிருந்து தமிழில் வாசித்தவர் பூர்ணம் விசுவநாதன். பின்னாளில் நாடக மேடையிலும் சினிமாவிலும் புகழ்பெற்ற அதே நடிகர்தான். டெல்லியில் ஒருவர் பேச, பஞ்சாயத்து ரேடியோவின் அடியில் கூடி நின்ற கிராமத்தார் அதே நொடியில் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அன்று செய்தி கிடைத்தது. பத்திரிகையால் செய்ய முடியாத காரியம் அது.

நெல்லைக்கு ஒரு நிலையம்

தெற்குக் கோடியில் இருந்தவர்களுக்குச் சென்னை வெகு தூரம். பகலில் அதன் ஒலி எட்டுவது கஷ்டம். திருச்சி ஓரளவு கேட்கும். ஆனால் கடல் தாண்டி வந்த கொழும்பு வானொலி தெளிவாகக் கேட்டது. மத்திய மந்திரியாக இருந்த பி.வி. கேஸ்கர் 1952-க்குப் பிறகு நம் நிலையங்களில் சினிமாப் பாட்டுக்கு இடம் குறைத்தார். சாஸ்திரீய சங்கீதம் வளர வேண்டும் என்பது அவர் நோக்கம். ஜனங்களோ முள்ளைத் திருப்பி இலங்கையைப் பிடித்தார்கள். கேட்பவருக்குப் பிடிக்காததைக் கொடுத்தால் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்பதை சர்க்கார் அனுபவத்தில் கற்றது. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதி பிறந்தது.

1963 டிசம்பர் 1-ஆம் தேதி திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியது. பாளையங்கோட்டையிலிருந்து நெல்லைத் தமிழே ஒலித்தது. வில்லுப்பாட்டு வானில் ஏறியது. கார் சாகுபடிக்கு என்ன விதை, பிசானத்துக்கு எப்போது நாற்று என்று விவசாயிக்கு அவர் பேச்சிலேயே சொல்ல ஓர் இடம் கிடைத்தது.

வானொலி சொன்னால் விவசாயி கேட்பாரா என்று சந்தேகப்படுகிறவர்கள் தஞ்சாவூரைப் பார்க்கலாம். 1960-களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி ஓயாமல் எடுத்துச் சொன்னது. விவசாயிகள் அதை விதைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் “ரேடியோ நெல்”! இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் எந்த ஸ்தாபனத்துக்குக் கிடைக்கும்?

தென்கச்சி கோ. சுவாமிநாதனைத் தமிழ்நாடு அறியும். “இன்று ஒரு தகவல்” மூலம் காலை நேரத்தில் வீடுதோறும் சிரிப்பையும் சிந்தனையையும் கொண்டு சேர்த்தவர். சென்னைக்குப் போவதற்கு முன் அவர் நெல்லை வானொலியில் விவசாய நிகழ்ச்சிகளைக் கவனித்தவர். வட்டார நிலையம் ஊருக்குச் சேவை செய்வதோடு, நாட்டுக்கே ஆட்களைத் தயாரித்தும் கொடுத்தது.

அலைகள் இரண்டு

இப்போது வந்திருக்கும் மாற்றம் என்ன? வானொலி மெல்ல மெல்ல மத்திய அலையை விட்டுப் பண்பலைக்குப் போகிறது. நாட்டின் பல இடங்களில் பழைய மத்திய அலை ஒலிபரப்பிகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இரவு முழுவதும் பேசிய தேசிய அலைவரிசை 2018-ஆம் வருஷக் கடைசியில் மூடப்பட்டது. பண்பலை இந்தியாவில் முதன்முதலாக ஒலித்ததும் சென்னையில்தான். அது 1977 ஜூலை 23-ஆம் தேதி.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மத்திய அலை தரையை ஒட்டித் தவழ்ந்து போகும். மேடு பள்ளம் வந்தால் ஓரளவு வளைந்து கொடுக்கும். இரவில் வான மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டும். ஒரே நிலையம் பல தாலுகாக்களுக்குப் போதும். ஆனால் இரைச்சல் உண்டு. இடி இடித்தால் “கரகர” என்னும்.

பண்பலையில் இரைச்சல் இல்லை. பாட்டு பளிச்சென்று கேட்கும். ஆனால் அது வெளிச்சத்தைப் போல ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. நடுவில் மலை நின்றால் அதன் பின்னே நிழல் விழும். நகரத்துக்குப் பண்பலை வரப்பிரசாதம். மலை மடிப்பில் இருக்கிறவருக்கு?

மாஞ்சோலையின் கணக்கு

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மேலே ஏறினால் மாஞ்சோலை. அதற்கும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. கடல் மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டரைத் தாண்டிய ஊர்கள். சுற்றிலும் புலிகள் காப்பகம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த பம்பாய் பர்மா கம்பெனி அங்கே தேயிலை போட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து அந்த மலையில் குடும்பங்கள் வளர்ந்தன.

குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-இல், கம்பெனி தோட்ட வேலையை நிறுத்தித் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. வழக்குகள் நடந்தன. மலையை விட்டு இறங்கியவர்கள் உண்டு. இறங்க மனமில்லாதவர்களும் உண்டு. அவர்கள் எதிர்காலம் கோர்ட்டிலும் கோட்டையிலும் பேசப்பட்டது. ஒரு மலையின் ஜனங்களைப் பற்றி வெளியே இவ்வளவு பேச்சு நடக்கும்போது, அந்த மலைக்குச் சேதி போகும் வழியும் திறந்திருக்க வேண்டும்.

ஜனத்தொகை குறைந்தால் செல்போன் கம்பெனிக்கு அங்கே வியாபாரம் குறையும். தனியார் பண்பலைக்கு விளம்பரக்காரர் கிடைக்க மாட்டார். நாளைக்கு மலையில் 10 குடும்பம் இருந்தாலும், வனக் காவலர்கள் மட்டும் இருந்தாலும், மழைக்கு அது தெரியாது. மண்சரிவுக்கும் தெரியாது. வியாபாரி விலகும் இடத்தில்தான் பொதுநிலையத்தின் வேலை தொடங்குகிறது.

இது வெறும் தர்மப் பேச்சு அல்ல. சட்டமே அப்படிச் சொல்கிறது. 1990-இல் நிறைவேறி 1997-இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டம், கிராமவாசிகளுக்கும் நலிந்த பிரிவினருக்கும் பின்தங்கிய, எட்டாத பகுதிகளில் வாழ்வோருக்கும் சேவை செய்வதை அந்த ஸ்தாபனத்தின் நோக்கங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. மாஞ்சோலை எட்டாத பகுதி இல்லையென்றால் வேறு எது எட்டாத பகுதி?

செலவு வாதம்

மறுபக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மத்திய அலை ஒலிபரப்பி மின்சாரத்தை நிறையக் குடிக்கும். கம்பம் நாட்ட ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். பழைய கருவிகளுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது அரிது. கேட்பவர் தொகையோ குறைந்துகொண்டு வருகிறது. முன்பு தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டி ரேடியோ கேட்டார்கள். 1980-களில் அந்தக் கட்டணமும் ரத்தாயிற்று. செலவு முழுவதும் சர்க்காரின் தலையில்.

“செல்போனிலேயே வானொலி கேட்கலாமே” என்பது இன்னொரு வாதம். கேட்கலாம், கோபுரம் நிற்கும்வரை. 2023 டிசம்பர் அதைக் காட்டிவிட்டது.

“தனியார் நிலையங்கள் போதாதா?” என்றும் கேட்கலாம். சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பத் தனியார் பண்பலைக்கு அனுமதி கொடுக்கப்படவில்லை. மணிக்கு 10 நிமிஷம் செய்தி சொல்ல விடலாம் என்று டிராய் ஆணையம் 2023-இல்தான் சிபாரிசு செய்தது. வானொலியில் செய்தி சொல்லும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்ட சர்க்கார், அந்தச் செய்தி கடைசி வீடு வரை போய்ச் சேருகிறதா என்று பார்க்கக் கடமைப்பட்டது. உரிமை தனக்கு, சிரமம் பிறருக்கு என்றால் எப்படி?

2023 மே மாதம் டெல்லியில் ஓர் உத்தரவு பிறந்தது. இனி ஆங்கிலத்திலும் “ஆல் இந்தியா ரேடியோ” என்று சொல்லாமல் “ஆகாசவாணி” என்றே சொல்ல வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. “வானொலி” என்ற நல்ல தமிழ்ச் சொல்லை விட்டுக்கொடுக்க முடியாது என்றார்கள். அந்த உணர்ச்சி நியாயமானதே. ஆனால் பெயருக்காக எழுந்த குரலில் பாதியாவது, அலை எந்த ஊர் வரை போகிறது என்று கேட்பதற்கும் எழ வேண்டும். பெயர்ப் பலகை தமிழில் இருந்து, பெட்டி ஊமையாக இருந்தால் பயன் என்ன?

செய்யக்கூடியவை

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. மத்திய அலையை நிறுத்துவதற்கு முன், பண்பலை எந்த மலைக்கிராமத்தில் கேட்கிறது, எதில் கேட்கவில்லை என்று உத்தியோகஸ்தர்கள் ஒரு பெட்டியோடு நேரில் போய்ப் பார்க்கட்டும். கேட்காத இடத்துக்குச் சிறிய மறு ஒலிபரப்பிகள் வைக்கலாம். அது ஆகும்வரை பழைய அலை ஓடட்டும்.

இரண்டாவது, வட்டார நிலையத்தின் சொந்த நேரத்தைக் குறைக்கக் கூடாது. சென்னையின் போக்குவரத்து நெரிசல் அம்பாசமுத்திரத்துக்கு எதற்கு? பாபநாசம் அணையின் நீர்மட்டம்தான் அங்கே தலைப்புச் செய்தி.

மூன்றாவது, ஊர்களும் முன்வர வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2004-இல் சமுதாய வானொலி தொடங்கி நாட்டுக்கே வழிகாட்டியது. கல்லூரிகள் நிறைந்த பாளையங்கோட்டைக்கு “தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு” என்று பட்டம் உண்டு. மலைக்கும் ஆற்றுக்கும் பேசுகிற சிறு நிலையம் அங்கிருந்து வர முடியாதா?

நாலாவது, கலெக்டர் ஆபீசின் வெள்ள எச்சரிக்கை வாட்ஸ்அப்பில் போகும் அதே நிமிஷத்தில் வானொலியிலும் போக வேண்டும். மழைக்காலம் வருமுன் ஒரு நாள் ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

1930-இல் மெரினாவில் ஒலிபெருக்கி கட்டியவர்கள், பெட்டி வாங்க முடியாதவனும் கேட்க வேண்டும் என்று நினைத்தார்கள். வானொலியின் மதிப்பு எத்தனை லட்சம் பேர் கேட்கிறார்கள் என்பதில் மட்டும் இல்லை. வேறு எதுவும் எட்டாதவனுக்கு அது எட்டுகிறதா என்பதிலும் இருக்கிறது. வானொலி காலம் மலையேறிவிட்டது என்று சொல்லுகிறவர்கள், அது மலையேறினால் நல்லதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த பெருமழைக்குள் அது மாஞ்சோலை வரை ஏறட்டும்.