பந்தியில் சான்றிதழ் கேட்காதீர்கள்

இந்த இதழின் தலையங்கம் மொழிபெயர்ப்புப் பரிசு ஒன்றைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். அதை ஒத்திவைத்துவிட்டோம். சென்ற மாதம் வேறோர் இதழில் வந்த கட்டுரை அதைவிட அவசரமானதாகப் படுகிறது. எழுதியவர் நாம் மதிக்கும் நண்பர். அதனால்தான் பேசாமலிருக்க முடியவில்லை.

அவர் சொல்வது இவ்வளவு: பள்ளியில் போடும் சோறும் முட்டையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றானதால் அரசுப் பணம் வீணாகிறது. உண்மையிலேயே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து அவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். சோற்றுக் கணக்கு அதிகாரிகளின் காரியம், எழுத்தாளனுக்கு அதில் வேலையில்லை என்று முடிவில் ஒரு வரி.

இல்லாத வீட்டை யார் கணக்கெடுப்பது? வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்குக் குடும்ப அட்டை வேண்டும், நிலையான முகவரி வேண்டும், இ-சேவை மையத்துக்கு ஒரு நாள், கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க இன்னொரு நாள் என்று கூலியை இழக்க வேண்டும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய் ஆண்டில் பாதியை வெளியூரில் கழிக்கும் குடும்பத்திடம் இவை இருக்காது. கணவன் விட்டுப்போன பிறகும் அவன் பெயரிலேயே அட்டை வைத்திருக்கும் பெண்ணிடம் இருக்காது. யாருக்காக இந்தக் கணக்கெடுப்போ அவர்கள்தான் அதிலிருந்து முதலில் விழுவார்கள். இது நம் ஊகமல்ல. 1997-ல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என இரண்டாகப் பிரித்தது. ஏழைகள் பலர் பட்டியலுக்கு வெளியே நின்றதைத் திட்டக் குழுவின் 2005-ஆம் ஆண்டு மதிப்பீடே ஒப்புக்கொண்டது. தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. அரிசி வேண்டாதவர் வாங்காமல் விடட்டும், கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்பதே இங்கு நடைமுறை. சத்துணவிலும் அதுதான். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருகிற பிள்ளை கொண்டுவரட்டும். தட்டோடு வரிசையில் நிற்கிற பிள்ளையிடம் எதையும் கேட்கக் கூடாது.

ஆனால் கணக்கெடுப்பில் பிழை வரும் என்பதோடு நம் மறுப்பு நிற்கவில்லை. பிழையே இல்லாத பட்டியல் ஒன்றைப் போட்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டியலை வகுப்பில் ஒருவர் வாசிக்க வேண்டுமே. முப்பது பிள்ளைகளில் ஒன்பது பெயரைக் கூப்பிட வேண்டுமே. கூப்பிட்ட பெயருக்கு எழுந்து நிற்கும் எட்டு வயதுச் சிறுமிக்கு அன்றைக்குச் சோறு கிடைக்கும், நிச்சயம். கூடவே அவள் தன்னைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்வாள். அதை அவள் வகுப்பு முழுவதும் தெரிந்துகொள்ளும். அடுத்த ஆண்டு கூச்சத்தால் பசியோடு உட்கார்ந்திருப்பாள். பட்டியலில் அவள் பெயர் இருக்கும், வயிற்றில் ஒன்றும் இருக்காது. கட்டுரை எழுதிய நண்பர் கிராமத்துப் பள்ளியில் படித்தவர். பட்டியல் வாசிக்கும் குரல் எப்படியிருக்கும் என்று அவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

டோட்டோ-சானைத் தமிழில் படித்தவர்களுக்கு டோமோயே பள்ளியின் மதிய நேரம் மறந்திருக்காது. கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் கொண்டுவரச் சொல்வார் தலைமையாசிரியர் கொபயாஷி. பிள்ளைகளின் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே அவர் நடக்க, இரண்டு பாத்திரங்களோடு பின்னால் வரும் அவருடைய மனைவி எது குறைகிறதோ அதை எடுத்து வைப்பார். ஏன் இல்லை என்று கேட்பதில்லை. கிஜுபாய், மகரென்கோ, தல்ஸ்தோயின் யாஸ்னயா பல்யானா என்று குழந்தைக் கல்வி நூல்களை ஒரு காலத்தில் வெறியோடு படித்துத் திரிந்தோம். அறிவொளி இயக்கக் காலத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றபோது அதைப் பற்றி இரவெல்லாம் பேசினோம். அந்த வாசிப்பெல்லாம் எங்கே போயிற்று? குழந்தையைப் பற்றிப் பேச இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பது செல்போன் கவலை மட்டும்தானா?

எழுத்தாளனுக்கு இதில் வேலையில்லை என்ற வரிக்கு கு. அழகிரிசாமியே பதில். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் தீபாவளிக்கு முந்தைய இரவு, ஏழை வீட்டு வாசலில் நோயும் அழுக்குமாக ஓர் அநாதைச் சிறுவன். அந்த வீட்டுத் தாய் அவனைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, இருக்கும் துணியில் ஒன்றைக் கொடுக்கிறாள். தமிழில் குழந்தைகளின் பசியை இதைவிட மரியாதையோடு எழுதிய கதை நமக்குத் தெரிந்து இல்லை. அழகிரிசாமி இடைசெவல்காரர். அதே கரிசல் பூமியில், எட்டயபுரத்தில், 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஊர் மக்கள் கொடுத்த அரிசியும் பணமும் அதற்கு முதலாக இருந்தன. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்க் கேட்டார். கதையில் வரும் தாய் ஒரு சிறுவனுக்கு ஒரு பண்டிகை நாளில் செய்ததை, பள்ளி நடக்கும் எல்லா நாளும் எல்லாச் சிறுவருக்கும் செய்ய எந்தத் தாயாலும் முடியாது. அரசால் முடியும். அதற்குத்தான் அரசு.

சென்னை மாநகராட்சி 1920-ல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கியதிலிருந்தே எதிர்ப்பும் கூடவே வருகிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது அந்தப் பணத்தில் தொழிற்சாலை கட்டலாம் என்றார்கள், பிள்ளைகளைக் கையேந்த வைக்கிறார் என்றார்கள். கலைஞர் ஆட்சியில் 1989-ல் முட்டை வந்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டுமென ஆணையிட்டபோது, இது நடக்கக்கூடிய காரியம்தான் என்பதற்குத் தமிழ்நாடு சாட்சியாக நின்றது. 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவு மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனதும் ஒரு நாளிதழ் அதைக் கேலி செய்யப் பள்ளிக் கழிப்பறையைத் தலைப்புச் செய்தியாக்கியது. அந்தத் தலைப்பை நாம் மறக்கவில்லை. நண்பரின் கட்டுரையில் அந்தத் தொனி இல்லை, ஆனால் அது போய்ச் சேருமிடம் அங்கேதான்.

அரசு விலகிக்கொள்ளட்டும் என்பவர்கள் கும்பகோணத்தையும் பேச வேண்டும். 2004 ஜூலை 16. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், குறுகிய படிக்கட்டு, மேலே கீற்றுக் கூரை. சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். சமைத்ததனால் வந்த சாவு என்று அப்போதே சிலர் எழுதினார்கள். இல்லை. கட்டடத்தைப் பார்வையிட வேண்டியவர்கள் பார்வையிடாததால், ஓட்டுக் கூரையும் தனிச் சமையலறையும் கேட்க வேண்டியவர்கள் கேட்காததால் வந்த சாவு. அங்கே அரசு மிகுந்திருக்கவில்லை, வராமலே இருந்தது.

நாம் கேட்பது இன்னும் கூடுதல். 2018-ல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் தலித் பெண் சமைக்கக் கூடாதென்று ஊர்க்காரர்கள் திரண்டார்கள். அவரை இடமாற்றம் செய்வதுதான் அதிகாரிகளின் முதல் யோசனையாக இருந்தது; எதிர்ப்பு வந்த பிறகே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. எல்லாரும் ஒரே பந்தி என்பது அடுப்படியில் நிற்பவரையும் சேர்த்துத்தான். சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் மூவரும் சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற பெயரில் மற்ற அரசு ஊழியர்களைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு பல பத்தாண்டுகளாகக் காலமுறை ஊதியம் கேட்டு நிற்கிறார்கள். அங்கன்வாடிப் பணியாளர்களும் அப்படியே. முட்டையின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் எந்த ஆட்சியும் முட்டையை வேகவைக்கும் பெண்ணின் ஓய்வூதியத்தைப் பெருமையாகச் சொன்னதில்லை. வீணாகும் பணத்தைத் தேடுகிறவர்கள் இவர்களுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணத்தையும் கணக்கில் காட்டட்டும்.

அடுத்த இதழில் பள்ளிச் சமையலறைகளில் வேலை செய்கிறவர்கள் எழுதி அனுப்புவதற்குப் பதினாறு பக்கங்கள் ஒதுக்குகிறோம். எழுத நேரமில்லாதவர்கள் சொன்னால் நண்பர்கள் போய் எழுதிக்கொண்டு வருவார்கள். கட்டுரை எழுதிய நண்பருக்கும் அதே இதழில் இடம் உண்டு. தன் பட்டியலை எப்படித் தயாரிப்பார், அதை வகுப்பில் யார் வாசிப்பார் என்ற இரண்டையும் அவர் எழுத வேண்டும்.