5 கிலோவாட் ஊர்

ஆங்கிலத்தில் முட்டைக்கு என்ன சொல்வோமோ அதுதான் இந்தத் தீவின் பெயரும்: எக். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கிறது. நீளம் 9 கிலோமீட்டர், அகலம் 5 கிலோமீட்டர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் நூறு பேர்தான். நம்மூரில் ஒரு அபார்ட்மென்ட்டில்கூட இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

ஹாரி பாட்டர் படத்தில் ரயில் வளைந்து போகுமே, அந்த கிளென்ஃபின்னன் பாலத்தைத் தாண்டிப் போனால் தண்டவாளம் மல்லைக் என்ற துறைமுகத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து கப்பலில் ஒன்றேகால் மணி நேரம். சுற்றுலா வருகிறவர்கள் காரை அக்கரையிலேயே விட்டுவிட வேண்டும். நடந்தால் கீச்சிடும் மணல் உள்ள கடற்கரை, 393 மீட்டர் உயரத்தில் பாறை முகடு... பார்க்கக் கோடையில் கூட்டம் வரும். வருகிறவர்கள் தங்க ஒரு ஹாஸ்டல் உண்டு. அடுக்குக் கட்டிலில் ஒரு படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்கும் இடம்.

இதுபோன்ற தீவு ஹாஸ்டல்களில் ஒரு சீசன் வேலை பார்க்கப் பல நாட்டு இளைஞர்கள் போகிறார்கள். போர்வை மாற்றுவது, கழிவறை கழுவுவது, நனைந்த ஷூக்களைக் காய வைப்பது, கப்பல் எப்போது வரும் என்ற கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்வது. வேலையைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். ஊரைக் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும்.

எக் தீவில் முதல் பாடம் கரன்ட். அக்கரையிலிருந்து கடலுக்கடியில் இந்தத் தீவுக்கு மின்கம்பி வரவில்லை. 2008 வரை பெரும்பாலான வீடுகளில் டீசல் ஜெனரேட்டர்தான். அந்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் ஊரே தனக்கென ஒரு மின் அமைப்பை நடத்துகிறது. ஓடைத் தண்ணீர், காற்று, வெயில் மூன்றிலிருந்தும் மின்சாரம். இருப்பதைப் பங்கு போட ஒரு விதியும் உண்டு. வீடு ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. தொழில் நடக்கும் இடங்களுக்கு 10 கிலோவாட். பணக்காரர், ஏழை என்ற பேதம் கிடையாது.

அங்கே தண்ணீர் கொதிக்க வைக்கும் மின் கெட்டில் ஒன்றே 3 கிலோவாட் வரை எடுக்கும். வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போது இன்னொரு 2. இரண்டும் ஓடும்போது ஹீட்டரையும் போட்டால் வீடு இருண்டுவிடும். இணைப்பை மறுபடி கொடுக்க ஊர் ஆள் ஒருவர் வர வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு. மழை குறைந்து, காற்றும் ஓய்ந்த நாட்களில் சிக்கனமாக இருக்கச் சொல்லி ஊருக்கே தகவல் போகும். மின்சாரம் மிஞ்சினால் வீணாக்குவதில்லை. ஊர்ப் பொதுக்கூடத்தையும் தேவாலயத்தையும் சூடாக்க அது போகிறது.

லண்டனிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் விருந்தாளிக்கு இது புதிது. அவருக்கு இதைச் சிரித்த முகத்தோடு எடுத்துச் சொல்ல வேண்டியவர் ஹாஸ்டல் ஊழியர். அதைச் சொல்லச் சொல்லத்தான் அவருக்கே ஊர் புரிகிறது. 'உங்கள் கரன்ட்' என்று பேச ஆரம்பித்தவர், சில வாரங்களில் 'நம்ம கரன்ட்' என்கிறார்.

இரண்டாவது பாடம் கப்பல். கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் பாலும் ரொட்டியும் காய்கறியும் வராது. துறையருகே இருக்கும் ஒரே கடையில் அலமாரி காலியாகும். அப்போது, கடைசி இரண்டு பாக்கெட் பாலையும் எடுத்துக்கொண்டு போகிறவரை ஊர் கவனிக்கும். ஒன்றை எடுத்து ஒன்றை விட்டுவிட்டுப் போகிறவரையும் கவனிக்கும். நூறு பேர் ஊரில் எதுவும் மறைவதில்லை.

மூன்றாவது பாடம் சரித்திரம். ஒரு காலத்தில் இந்தத் தீவு மொத்தமும் ஒரே சொந்தக்காரர் கையில் இருந்தது. ஒருவர் விற்பார், இன்னொருவர் வாங்குவார். குடியிருந்த பலருக்கு நிலையான குத்தகைகூடக் கிடையாது. நாளைக்கு இருப்போமா என்று தெரியாத வீட்டுக்கு யார் கூரை மாற்றுவார்கள்? ஜனங்கள் அறுபது சொச்சமாகக் குறைந்துவிட்டார்கள். கடைசியில் ஊரே திரண்டு, பொதுமக்களிடம் நன்கொடை கேட்டு, 15 லட்சம் பவுண்டுக்குத் தீவை விலைக்கு வாங்கியது. 1997 ஜூன் 12 அன்று தீவு ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. இன்றும் ஜூன் மாதம் அந்த நாளை இசையும் நடனமுமாகக் கொண்டாடுகிறார்கள். கேலிக் மொழியில் 'கேய்லி' என்று பெயர். ஆடத் தெரியாது என்று மூலையில் ஒதுங்கி நின்றால் யாராவது கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். தப்பாக ஆடலாம், தப்பே இல்லை.

இந்தக் கதை தெரிந்தவருக்கு, ஊர்க்காரர்கள் ஏன் எல்லாவற்றுக்கும் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள் என்பது புரியும். தெரியாதவருக்கு அது வெறும் இழுபறியாகத் தோன்றும்.

நான்காவது பாடம்தான் கொஞ்சம் வலிக்கும். சீசனுக்கு வருகிறவர்கள் குளிர்காலம் நெருங்கும்போது கிளம்பிவிடுவார்கள். ஊர்க்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் புது முகங்களைப் பழகி, ஒவ்வொரு வருஷமும் கையசைத்து வழியனுப்புகிறார்கள். அதனால் முதல் மாதத்தில் யாராவது கொஞ்சம் விலகியே இருந்தால் அது திமிர் அல்ல, களைப்பு. 'நீங்கள் எவ்வளவு நாள் இருப்பீர்கள்?' என்று அங்கே கேட்பது சும்மா பேச்சுக்காக அல்ல. வீடுகள் குறைவான ஊரில், தங்குகிறவர் ஒவ்வொருவரும் ஒரு கணக்கு.

ஊர்ப் பிள்ளைகளும் கிளம்பத்தான் வேண்டியிருக்கிறது. தீவில் ஆரம்பப் பள்ளி மட்டுமே உண்டு. அதை முடித்த பிள்ளைகள் மல்லைக் உயர்நிலைப் பள்ளியில் படிக்க, வார நாட்களில் அங்கேயே விடுதியில் தங்குகிறார்கள். உலகத்துப் பிள்ளைகள் இந்தத் தீவின் ஹாஸ்டலுக்கு வர, தீவின் பிள்ளைகள் அக்கரை ஹாஸ்டலுக்குப் போகிறார்கள். பெரியவர்களானதும் சிலர் திரும்பி வந்து வீடு கட்டுகிறார்கள். அந்தச் செய்திதான் ஊருக்குத் திருவிழா.

போக ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. 'தினம் சில மணி நேரம் வேலை செய்தால் தங்க இடம் இலவசம்' என்ற விளம்பரத்தை நம்பி சுற்றுலா விசாவில் கிளம்பக் கூடாது. சம்பளம் இல்லாவிட்டாலும் பிரிட்டனில் அது வேலையாகவே கருதப்படும்; விசா விதியை மீறியதாகிவிடும். 18 முதல் 30 வயதுவரை உள்ள இந்தியப் பட்டதாரிகள் அங்கே 2 ஆண்டுவரை தங்கி வேலை பார்க்க ஒரு விசாத் திட்டம் இருக்கிறது. குலுக்கல் முறையில் தேர்வு. வங்கியில் 2,530 பவுண்டு சேமிப்பும் காட்ட வேண்டும். கிளம்பும் முன் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் அன்றைய விதியை நேரடியாகப் பார்த்துவிடுவது நல்லது.

தீவோ, மலையோ, பெருநகரமோ, வெளியூரில் காலூன்றப் போகிறவர் பொதுவாக முதல் வாரத்தில் கேட்பது 'இங்கே பார்க்க என்ன இருக்கிறது?' என்றுதான். அதோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: 'இங்கே எது குறைவு?' ஓர் ஊரில் கரன்ட், ஓர் ஊரில் தண்ணீர், ஓர் ஊரில் வீடு. குறைவானதை அளந்து எடுக்கிற விருந்தாளியை எந்த ஊரும் வெகுநாள் விருந்தாளியாகவே வைத்திருக்காது.