பாசிக்கு மீன் வாங்காதீங்க, முதல்ல லைட்டை அணைங்க: ஒரு த்ரெட்

1/ சிந்தாதிரிப்பேட்டை கூவம் பாலத்துல ஒருத்தர் பக்கெட்டோட நின்னார். உள்ளே ஒரு அடி நீளத்துக்கு சக்கர் மீன். "தொட்டியில இடம் பத்தல டாக்டர். கொல்ல மனசு வரல, ஆத்துல விட்டுடலாம்னு." விரல் நீளத்துல இருந்தப்போ அதை "டேங்க் கிளீனர்"னு சொல்லி வித்திருக்காங்க.

2/ அந்தப் பேரே பொய். சக்கர் ஒன்றரை அடி வரை வளரும். குட்டியா இருக்கும்போது கொஞ்சம் பாசி மேயும். வளர்ந்த பிறகு மத்த மீனோட தீனியைத் தின்னும், செடியைப் பெயர்க்கும், கழிவைக் கொட்டும். அந்தக் கழிவுதான் அடுத்த பாசிக்கு உரம்!

3/ காய்ச்சலுக்குக் காரணம் தேடாம மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை கேட்டு வாங்கறோமே, அதே கதைதான் இதுவும். பாசி ஒரு அறிகுறி. வெளிச்சம் அதிகம், தீனி அதிகம், செடி கம்மி, தண்ணி மாத்தறதில்லை. இதுல உங்க வீட்டுல எது?

4/ என் மருந்துச் சீட்டு: லைட் தினமும் 6-8 மணி நேரம் மட்டும். ஜன்னல் வெயில் படக்கூடாது. ரெண்டு நிமிஷத்துல தீர்ற அளவு தீனி. வாரம் கால்வாசி தண்ணி மாத்தணும், மெட்ரோ வாட்டர்னா குளோரின் போக்கிட்டு. வேகமா வளர்ற செடி நிறைய வைங்க.

5/ அப்புறமும் பாசி மிச்சம் இருந்தா, வகை பார்த்து ஆள் சேருங்க. கண்ணாடியில பச்சைப் புள்ளி, பழுப்புப் படிவு: நெரைட் நத்தை. நம்ம போர் தண்ணியோட கடினம் அதோட ஓட்டுக்கு நல்லது. வெள்ளை வெள்ளையா முட்டை ஒட்டும், ஆனா நன்னீர்ல குஞ்சு பிழைக்காது. பெருகிடுமோங்கிற பயம் வேண்டாம்.

6/ நூல் பாசிக்கு அமானோ இறால். ஆனா அதுக்குச் சூடு ஆகாது, சென்னை மே மாசத்துல தொட்டித் தண்ணி 30 டிகிரியைத் தாண்டும். ஏஞ்சல் மீன் இருந்தா சின்ன இறால் அதுக்குச் சாப்பாடு. செம்பு கலந்த மீன் மருந்து ஊத்தினா இறால், நத்தை ரெண்டுமே காலி.

7/ ஓட்டோ சாதுவான மீன், 4 செ.மீ. தான். ஆனா புதுசா, பளிச்சுனு இருக்கற தொட்டியில விட்டா பட்டினியில சாகும். பல மாசம் ஓடின தொட்டியில, ஆறேழு பேரா விடுங்க.

8/ "ஆல்கே ஈட்டர்"னு கேட்டா எதை வேணா கொடுப்பாங்க. சயாமீஸ் கருந்தாடிப் பாசியைத் தின்னும், உடம்புல இருக்கற கருப்புக் கோடு வால் நுனி வரை போகும். சைனீஸ் வளர்ந்ததும் மத்த மீன் மேல ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். பார்த்து வாங்குங்க.

9/ நீலப்பச்சையா ஏடு மாதிரி படர்றது பாக்டீரியா. அதைத் தின்னு தீர்க்கற பிராணி எதுவும் கடையில கிடையாது. அதுக்கு எரித்ரோமைசின் கரைக்கறவங்களே, ஒரு டாக்டரா கெஞ்சறேன்: அந்தத் தண்ணி கடைசியில சாக்கடைக்குத்தான் போகுது. கிருமிக்கு மருந்தை எதிர்க்கப் பாடம் எடுக்காதீங்க.

10/ "கூவம் ஏற்கெனவே செத்த ஆறு, ஒரு மீனால என்ன?" சக்கர் காற்றை விழுங்கி மூச்சு விடும். மத்த மீன் சாகற தண்ணியிலயும் வாழும். கரையைக் குடைஞ்சு முட்டை வைக்கும். முள்ளுச் செதில் வலையைக் கிழிக்கும், மார்க்கெட்டுல விலை போகாது. தென் அமெரிக்க மீன் தமிழ்நாட்டு ஏரிகளுக்கு நீந்தியா வந்தது? இப்படி இரக்கப்பட்டவங்க பக்கெட்டுல வந்ததுதான்.

11/ கடைக்காரங்களே, குட்டி மீன் தொட்டி மேல அது எவ்வளவு வளரும்னு எழுதி ஒட்டுங்க. வளர்ந்ததைத் திருப்பி எடுத்துக்கங்க.

12/ அந்த பக்கெட் மீன்? பெரிய தொட்டி வச்சிருக்கற ஒருத்தர் வாங்கிக்கிட்டார். எல்லா சக்கருக்கும் அப்படி ஒருத்தர் கிடைக்க மாட்டார். அதனால முதல் மீனையே வாங்காதீங்க.