கோழிக்குச் சளி என்றால் என்னிடம் மாத்திரை கேட்காதீர்கள்

நேற்றுக் காலை எதிர்வீட்டு அம்மாள் வேலியோரம் வந்து நின்றார். "அண்ணே, அண்ணிக்கு முடியாம இருந்தப்ப வாங்குன கேப்சூல் மிச்சம் இருக்கா? பெட்டைக்கோழி ரெண்டும் கொறகொறன்னு இழுக்குது." இருக்கிறது, ஆனால் தரமாட்டேன் என்றேன். முகம் சுண்டிப்போய்த் திரும்பிவிட்டார். ஏன் தரவில்லை என்பதை அவருக்கும், வீட்டில் நாலு கோழி வளர்க்கும் அன்பர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். கோபப்படுபவர்கள் கோபப்படட்டும்.

முதலில் என் குற்றம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாதம். சம்பா அறுப்பு முடிந்து, களத்தில் சிந்திய நெல்லைத் தின்று எங்கள் கோழிகள் கொழுத்திருந்தன. மொத்தம் 14 உருப்படி. ஒரு சாயங்காலம் சிவப்புச் சேவல் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. எனக்குப் பல் பிடுங்கியபோது எழுதிக் கொடுத்த அமாக்சிசிலின் கேப்சூல் ஒன்று மீந்திருந்தது. அதைப் பிரித்துப் பாதிப் பொடியைச் சோற்றில் பிசைந்து வைத்தேன். 34 வருஷம் பிறர் மனுவில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய குமாஸ்தா, ஒரே நாளில் டாக்டராகிவிட்டேன். மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். மூன்றாம் நாள் ஒரு கோழிக்குக் கழுத்து திருகிக்கொண்டது. வாரம் முடிவதற்குள் 11 போய்விட்டன. என் மனைவி கவிழ்த்த பஞ்சாரத்தை வெகுநாள் நிமிர்த்தவே இல்லை.

கால்நடை மருத்துவர் செத்த கோழியை அறுத்துப் பார்த்து ராணிக்கெட் என்றார். நாம் வெள்ளைக்கழிச்சல், கொக்கு நோய் என்கிறோமே, அதுதான். 1920-களின் பிற்பகுதியில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். வெளிநாட்டில் நியூகாசில் நோய் என்பார்கள். இது வைரஸ். எந்த ஆன்டிபயாடிக்கும் வைரஸைக் கொல்லாது.

கோழிச் சளி எல்லாமே வைரஸா என்றால் இல்லை. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வரும் நாள்பட்ட சளி உண்டு. அதற்கு டாக்சிசைக்ளின், டைலோசின் போன்றவை கேட்கும். ஆனால் நான் போட்ட அமாக்சிசிலின் அதற்கும் ஆகாது. அந்த மருந்து கிருமியின் சுவரை உடைத்துக் கொல்வது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. முகம் வீங்கி மூக்கில் நாற்றத்தோடு ஒழுகும் கொரைசா இன்னொரு வகை. எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரே தும்மல்தான். வேலியோரம் நின்று பார்த்து எது எது என்று நீங்களும் நானும் எப்படிச் சொல்வது?

தீவனக் கடைக்காரர் சொல்லிவிடுகிறார். "அய்யா, இதைத் தண்ணியில கலந்து வைங்க, நின்னுடும்" என்று என்ரோஃப்ளாக்சசின் புட்டியை நீட்டுகிறார். சீட்டும் இல்லை, அளவும் இல்லை. சீக்குக் கோழி தண்ணீரே சரியாகக் குடிக்காது. நல்ல கோழிதான் குடித்துத் தீர்க்கும். அந்த என்ரோஃப்ளாக்சசின் உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பங்கு சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. நம் வயதில் நீர்க்கடுப்பு வந்தால் எழுதிக் கொடுக்கிறார்களே, அதே மருந்து.

போன வருஷம் எனக்கும் வந்தது. பரிசோதனைத் தாளில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. எதிரே எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. சிப்ரோவுக்கு எதிரே ஆர். அதற்குக் கீழும் மூன்று ஆர். ஐந்து நாள் காலையும் மாலையும் ஊசி போட்டுக்கொண்டேன். என் கோழியால் வந்தது என்று சொல்லவில்லை. மனிதர்களாகிய நாமே கடையில் வாங்கி விழுங்கியது கொஞ்சமா? ஆனால் அந்தத் தாளைப் பார்த்தபோது சோற்றில் பிசைந்த பொடி நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்துப் புட்டியில் வேறு கணக்கு குறிப்பிடவில்லை என்றால், கடைசி வேளை மருந்துக்குப் பின் முட்டைக்கு 7 நாள், கறிக்கு 28 நாள் பொறுக்க வேண்டும் என்று 2012-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. நம் வீட்டில் என்ன நடக்கிறது? "செத்துத் தொலையறதுக்கு முன்னாடி அறுத்துடலாம்" என்று காலையில் மருந்து கொடுத்த கோழியைச் சாயங்காலம் குழம்பு வைக்கிறோம். முட்டை பேரனுக்கு.

"பண்ணைக்காரன் மூட்டை மூட்டையாகப் போடுகிறான், என் அரைக் கேப்சூல்தான் உலகத்தைக் கெடுக்கிறதா?" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்வி. மனிதனுக்கு வேறெதுவும் கேட்காதபோது கொடுக்கும் கொலிஸ்டினைக் கூடக் கோழி சீக்கிரம் எடை போடத் தீவனத்தில் கலந்தார்கள். 2019 ஜூலையில்தான் அரசு தடை செய்தது. அவர்களைக் கேட்கத்தான் வேண்டும். அதற்காக நாமும் கலப்பதா? மிளகு, சின்ன வெங்காயம், மஞ்சள் அரைத்துக் கொடுப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதனால் ராணிக்கெட் தீராது. ஆனால் என் சிப்ரோவும் கெடாது.

தடுப்பூசிதான் வழி. காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எங்களுக்குப் பஸ்தேர் கதை பாடம். நீங்கள் பாஸ்டர் என்பீர்கள். 1879-80-இல் அவர் பழசாகிப்போன கோழிக் காலராக் கிருமியைக் கோழிக்குப் போட்டார், சாகவில்லை. பிறகு வீரியமான கிருமியைப் போட்டார், அப்போதும் சாகவில்லை. ஆய்வுக்கூடத்தில் செய்த முதல் தடுப்பு மருந்தே கோழிக்குத்தான். ராணிக்கெட்டுக்கு நம் முக்தேசுவர் ஆய்வு நிலையத்தில் 1940-களிலேயே தடுப்பூசி கண்டார்கள். குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு. 8 வாரத்துக்கு மேல் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி.

பின் ஏன் போடுவதில்லை? சோம்பல் மட்டும் காரணமில்லை. ஒரு புட்டி 100 கோழிக்கு. கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். 12 கோழி வைத்திருப்பவர் என்ன செய்வார்? பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துகிறார்கள், உண்மை. ஆனால் பகல் 11 மணிக்குக் கோழி எந்த வயலில் மேய்கிறது என்று யாருக்குத் தெரியும்? அடையும் நேரத்தில் வந்தால் கையால் எடுத்துக் கொடுக்கலாம். இதை மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஒருவரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள், 100 கோழி இருந்தால்.

பழைய வழக்கப்படி ரூல் போட்ட நோட்டில் வீடு வீடாக எழுதினேன். நேற்றிரவு வரை 87. எதிர்வீட்டு இரண்டைச் சேர்க்கவில்லை. சீக்குக் கண்டதற்கு ஊசி கூடாது. அவற்றை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக ஆட்டோ காசு நான் தருகிறேன் என்று மனைவியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. குடமுருட்டிக் கரைத் தெருவில் இன்னும் 13 கோழி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும்.